போய் இ பெங்கோ

நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் நான். படிப்பும் பன்னிரண்டாவதோடு நின்றுவிட்டது. அப்படிப்பட்டவள் எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்பானிஷ் மொழியில் நான் செய்த ஒரு தப்பைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது. தாராவியில் எங்கள் சந்தில் யாரிடமாவது சொல்லலாம் என்றால், ஸ்பெயின் எங்கே இருக்கிறது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் ஒரே மகள் கம்ப்யூட்டர் வேலைக்காக அந்த ஊருக்குப் போனாள். அங்கேயே ஒரு பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். நல்ல பையன். அவனுடைய அம்மா அதே கட்டிடத்தில் கீழ்த்தளத்தில் இருக்கிறார். போன வருஷம் மகள் உண்டாகியிருக்கிறாள் என்று சேதி வந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்க வேண்டும். இல்லையென்றால் நானாவது போக வேண்டும். ஆனால் என் வீட்டுக்காரருக்கு அப்போதுதான் நெஞ்சில் ஆபரேஷன் ஆகியிருந்தது. பட்டறையில் பை தைக்கிறவர், ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவரை விட்டுவிட்டு எங்கே போவது? பிரசவம் பார்க்கப்போவது சம்பந்தியம்மாதான் என்று ஆயிற்று.

அவரிடம் என் வாயால் ஒரு வார்த்தை சொல்லி என் பிள்ளையை ஒப்படைக்க வேண்டும். எனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். மகளை விட்டுச் சொல்லச் சொன்னால் நான் ஒரு முழம் பேசுவேன், அவள் இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவாள்.

"நான் சொன்னதெல்லாம் சொன்னியாட்டி?"

"சொல்லிட்டேம்மா. டென்ஷன் எடுக்காத. அவங்களுக்கு எல்லாம் தெரியும்."

தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் தாய் சொல்ல வேண்டியதைத் தாய்தான் சொல்ல வேண்டும்.

பல்கலைக்கழகத்தில் சாயங்கால ஸ்பானிஷ் வகுப்பு இருக்கிறது, பன்னிரண்டாவது முடித்திருந்தால் போதும் என்று மகளின் பழைய சிநேகிதி சொன்னாள். சேர்ந்துவிட்டேன். வீட்டுக்காரர் நக்கலடித்தார். "வெளிநாட்டுப் பாசை படிக்கப் போறவ இங்கன பக்கத்து வீட்டுக்காரிகிட்ட ரெண்டு வார்த்த பேசுனா என்னவாம்?"

வகுப்பில் எல்லாரும் என் மகள் வயதுக்காரர்கள். என்னை "ஆன்ட்டி" என்று கூப்பிட்டு ஃபேனுக்கு அடியில் இடம் விடுவார்கள். டீச்சர் மராத்திப் பெண், மொழியியல் படித்தவர். எந்த வார்த்தையைச் சொன்னாலும் உங்கள் வீட்டில் இதற்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்பார். ஒருநாள் உறவுமுறைப் பாடம். மருமகளின் அம்மா, மருமகனின் அம்மா, இரண்டுக்கும் 'கொன்சுவேக்ரா' என்றார். "இங்கிலீஷ்ல இதுக்கு வார்த்தையே கிடையாது. உங்ககிட்ட இருக்கா?"

"விஹீண்" என்றாள் ஒரு மராத்திப் பெண். "சம்தன்" என்றான் ஒரு இந்திக்காரப் பையன். என்னையும் அறியாமல் நானும் கையைத் தூக்கி, "சம்பந்தி" என்றேன். அந்த வகுப்பில் நானாகப் பேசிய முதல் வார்த்தை அது.

இன்னொரு நாள் 'நுவெஸ்த்ரோ' என்ற வார்த்தை வந்தது, பெண்பால் என்றால் 'நுவெஸ்த்ரா'. மராத்தியில் 'ஆப்லா', 'ஆம்சா' என்று இரண்டு உண்டு. தமிழில் 'நம்ம', 'எங்க' என்று நாம் சொல்வதுபோலத்தான். கேட்கிறவரையும் சேர்த்துக்கொண்டால் நம்ம, விட்டுவிட்டால் எங்க. ஸ்பானிஷில் இந்தி மாதிரி ஒன்றுதானாம். "சேத்துக்கிட்டாங்களா விட்டுட்டாங்களான்னு நீங்கதான் புரிஞ்சுக்கணும்" என்று டீச்சர் சிரித்தார்.

நான் சொல்ல வேண்டிய வாக்கியத்தை அவரிடமே கேட்டு வாங்கினேன். 'லே என்கார்கோ அ மி இஹா.' என் மகளை உங்களிடம் ஒப்படைக்கிறேன். அரிசி களையும்போதும், பட்டறைப் பைகளுக்கு நூல் வெட்டும்போதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மகளுக்கு மாதம் நெருங்கியபோது ஒரு சாயங்காலம் வீடியோ போட்டேன். எடுத்தது சம்பந்தியம்மா. மகள் குளித்துக்கொண்டிருப்பதாகச் சைகையில் காட்டினார். இதைவிட நல்ல நேரம் அமையாது. வணக்கம் சொன்னேன். நலமா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். அவ்வளவுதான். வாக்கியத்தில் ஒரு எழுத்துகூட வரவில்லை.

ஓடிவிட வேண்டும் போல இருந்தது. ஆனால் பிள்ளைத்தாச்சி இருக்கும் வீட்டில் 'போகிறேன்' என்று சொல்லக் கூடாது. விடைபெறுவதற்கு வகுப்பில் சொல்லித்தந்த 'அதியோஸ்' ஒரேயடியாகப் போவதுபோல ஒலித்தது. போயிட்டு வாறேன் என்று எப்படிச் சொல்வது? 'போகிறேன்' என்பதற்கு அவர்கள் மொழியில் 'போய்'. எழுதுவது வேறு மாதிரி, காதில் விழுவது நம்ம 'போய்'தான். அதனால்தான் எனக்கு அந்த வினை மறப்பதே இல்லை. வருகிறேன் என்பதற்கு 'பெங்கோ'. இரண்டையும் சேர்த்து, "போய் இ பெங்கோ" என்றேன். அவரும் தலையாட்டினார். போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு எழுந்தேன். பேசி முடித்ததும் எப்போதும் மகள்தான் கட் பண்ணுவாள், எனக்கு அந்தப் பழக்கமில்லை.

அந்நேரம் பார்த்துத் தண்ணீரும் வந்துவிட்டது. குடங்களை நிரப்பி, டிரம்மை நிரப்பி, வாசலைக் கழுவிவிட்டு உள்ளே வந்தேன்.

"ஏட்டி, போன்ல அந்த அம்மா இருக்காவ," என்றார் வீட்டுக்காரர். "அப்பதையே புடிச்சு அவரக்கா உரிச்சிட்டு இருக்காவ. நான் கைய ஆட்டுனேன், அவியளும் ஆட்டுனாவ. வேற என்னத்தப் பேச?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். சம்பந்தியம்மா மடியில் பாத்திரத்தோடு அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். இவ்வளவு நேரம் ஒருவர் எனக்காகக் காத்திருந்திருக்கிறார். இனி என்ன கூச்சம்?

"லே என்கார்கோ அ மி இஹா, கொன்சுவேக்ரா."

அவர் கண் நிறைந்துவிட்டது. மளமளவென்று என்னவோ சொன்னார். ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் மட்டும் நிறுத்தி, தலையை ஆட்டி, "மி இஹா, நோ. நுவெஸ்த்ரா" என்றார்.

உன் மகள் இல்லை என்கிறாரே. எங்கள் வீட்டுப் பெண் ஆகிவிட்டாள், இனி உனக்கென்ன என்கிறாரா? 'எங்க'வா, 'நம்ம'வா? என் முகம் மாறியது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவரைக்காய்ப் பச்சை ஒட்டிய விரலை முதலில் தன் நெஞ்சில் வைத்தார். பிறகு அதே விரலைத் திரையில் என் மேல் வைத்தார். "நுவெஸ்த்ரா" என்றார் மறுபடியும்.

நம்ம.

மகள் தலையில் துண்டோடு வந்தாள். அவர் சொன்னதைக் கேட்டுச் சிரித்தாள். "அம்மா, போய் இ பெங்கோன்னு சொல்லிட்டா போன? 'இரு, இந்தா வந்துருதேன்'னு அர்த்தம் அதுக்கு. பாவம், சாப்பிடாம உக்காந்திருக்காங்க!"

"அதான் வந்துட்டேம்லா" என்றேன்.

சம்பந்தியம்மா எழுந்து என்னைப் பார்த்து, "போய் இ பெங்கோ" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். அவர் திரும்பி வரும்வரை நானும் இருந்தேன்.

மறுநாள் வகுப்பில் வினைச்சொல் டெஸ்ட். விடைபெறும்போது சொல்வது எது என்ற கேள்விக்கு 'போய் இ பெங்கோ' என்று எழுதினேன். டீச்சர் அதற்கு மார்க் போடவில்லை.