இருநூற்று இருபத்து நான்கு லிட்டர்

சிலிண்டர் வந்து இறங்கியதும் முதலில் அதன் கழுத்தைத்தான் தடவிப் பார்ப்பார் வெங்கடலட்சுமி. அங்கே பொறித்திருக்கும் வெற்று எடையை விரலாலேயே படித்துவிட்டு, "மீட்டர் முள்ளு கெடக்கட்டுமுங்க, தராசுல ஏத்துங்க" என்பார். பீளமேட்டில், வீட்டு நோயாளிகளுக்கு ஆக்சிஜன் வாடகைக்கு விடும் கடையில் பதினோரு வருட வேலை. வெற்று எடை போக மிச்சமிருக்கும் கிராமை முப்பத்திரண்டால் வகுத்து, இருபத்திரண்டு புள்ளி நான்கால் பெருக்கினால் லிட்டர். சாக்பீஸால் சிமெண்டுத் தரையில்தான் கணக்கு.

அது அன்னூர்ப் பள்ளியில், பிளஸ் ஒன்னில் கற்றது. எந்த வாயுவானாலும் ஒரு மோல் ஒரே அளவு இடத்தைத்தான் அடைக்கும் என்று கேட்டபோது, பக்கத்திலிருந்த தோழி பழனாத்தாளைக் கிள்ளிவிட்டாராம். "ஹைட்ரஜன் ரெண்டே கிராமுங்க, கார்பன் டை ஆக்சைடு நாப்பத்திநாலு. ரெண்டுக்கும் குடியிருக்க ஒரே அளவு ஊடுன்னா ஆச்சரியமா இல்லீங்களா?" சோடாவில் எத்தனை கிராம் வாயு, பஸ் டயரில் எத்தனை மோல் காற்று என்று வழியெல்லாம் இருவருக்கும் அதே பேச்சு. இதே பீளமேட்டில் பி.எஸ்ஸி. வேதியியலுக்கு இடம் கிடைத்தது. சேர வேண்டிய வாரத்தில் அப்பா படுத்துவிட்டார். "அப்புறம் கண்ணாலம் பண்ணிப்போட்டாங்க." பழனாத்தாள் எங்கிருக்கிறாளோ, தெரியவில்லை. சோடா திறக்கும் சத்தம் கேட்டால் மட்டும் அவள் முகம் வந்துவிடுகிறது.

போன மாசியில் ஒரு மதியம், அன்னூர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து திருமூர்த்தி போனில் கூப்பிட்டார். அவருடைய அம்மாவுக்கு நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தது.

"முள்ளு காத்தாலருந்து பாதியிலயே நிக்குதுங்க."

பாதி என்றால் சாயங்கால வண்டி போதும். ஆனால் வாயு குறையக் குறைய முள் இறங்க வேண்டும், நிற்கக் கூடாதே.

"எடை மெஷின் இருக்குதுங்களா?"

"மஞ்சக் கெழங்கு நிறுக்கறது இருக்குதுங்க."

"குழாயைக் கழட்டாம, சிலிண்டரை மட்டும் தூக்கி வெய்யுங்க."

அவர் சொன்ன எடையில் ரெகுலேட்டரையும் வெற்று எடையையும் கழித்தால் முந்நூற்று இருபது கிராம். பத்து மோல். 224. நூற்றுப் பன்னிரண்டு நிமிடம். வெயிலுக்குக் கொஞ்சம் கூட வரும். அதை அவர் சேர்க்கவில்லை. அன்னூருக்கு ஒரு மணி நேரம்.

"சோத்தை அப்புறம் பாத்துக்கலாமுங்க, வண்டியை எடுங்கண்ணா" என்று டிரைவர் வேலுமணியின் டிபன் பாக்ஸை மூடினார்.

போனதும் வேலுமணி புதியதைப் பழையதன் அருகிலேயே தயாராக நிறுத்திவைத்தார். முதல் போனிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துத்தான் கடைக்குப் போன் வந்தது.

"பழசு தீந்துதுங்க, ஒடனே மாத்தியாச்சு. அம்மா நல்லாருக்காங்க. நீங்க சொன்னதுக்குப் பத்து நிமிசம் மேல ஓடுச்சு. அந்த முள்ளு இப்பவும் பாதியிலதானுங்க நிக்குது!" என்றார் திருமூர்த்தி. "நீங்க காலேஜ்ல கெமிஸ்ட்ரிங்களா?"

"இல்லீங்க. ஸ்கூல்ல."

போனை வைத்துவிட்டு, தரையிலிருந்த சாக்பீஸ் கணக்கின் மேல் குனிந்தார். அவசரத்தில் வெறும் 224 என்று விட்டிருந்த விடைக்குப் பக்கத்தில் 'லிட்டர்' என்று நிதானமாக எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.