பெல் வரும்வரை

மனோகரை முதலில் கைவிட்டவை விரல்கள்தான். சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத்தில், ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டான கேஜுக்கு பெல் அடித்த விரல்கள். ஆட்களோடு கேஜ் ஏறுவதும் இறங்குவதும் நிற்பதும் அவர் அடிக்கும் பெல்லைப் பொறுத்தது. நரம்பு நோய், ஒவ்வொன்றாகப் போகும், பேச்சும் போகும் என்றார் டாக்டர். பேச்சு என்றதும்தான் மனோகரின் மனைவி அமலா அழுதாள்.

அமலா தினமும் ரயிலில் பெங்களூர் போய் ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறவள். அங்கே கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து கட்டிலருகே வைத்தாள். தண்ணீர் வேண்டுமா, திரும்பிப் படுக்க வேண்டுமா என்று திரை கேட்கும். மவுஸை அழுத்தினால் ஆமாம். ஆனால் இன்று அழுத்துகிற விரல் நாளை அழுத்தாது. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்தா எழுதுவது? அதனால் புரோகிராமை இரண்டாகப் பிரித்தாள். கேள்வி கேட்கிற பகுதிக்கு, அழுத்தியது கையா காலா என்று தெரியாது. சைகை வந்ததா என்பது மட்டும் தெரியும். சைகையை வாங்கிக் கொடுக்கிற சின்னப் பகுதி தனி. விரல் போனதும் முழங்கைக்கு ஒரு சுவிட்ச் வைத்தாள். முழங்கையும் போனதும் ராபர்ட்சன்பேட்டைப் பட்டறை ஒன்றில் ஒரு பெடல் செய்து வாங்கிக் காலடியில் வைத்தாள். கேள்விகளில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. மற்ற நோயாளிகளுக்கும் இதையே கொடுக்கலாம் என்றார்கள் ஆபீசில்.

ஒன்றில் மட்டும் அவசரப்பட்டாள். கொஞ்ச நேரம் சைகை வராவிட்டால் திரை தானே 'வேண்டாம்' என்று போட்டுவிடும். அவருக்குச் சிரமம் மிச்சம் என்று நினைத்தாள். அப்போது குழறலாகவாவது பேசிக்கொண்டிருந்த மனோகர் சிரித்தார்.

"இன்னா அமலா இது? பெல் வரலைன்னா கேஜ் நிக்கணும். நான் சொல்லாததை சொன்னதா வச்சிக்கினு ஓட்றியே."

"ஆமா, இது பெரிய சுரங்க ஷாஃப்டு. சும்மா படுங்க."

சுரங்கத்தை மூடிய வருஷம், ஒரு மழை நாள் மத்தியானம் அவருக்கு மூச்சுத் திணறியது. அதற்குள் பேச்சும் போயிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்த் தொண்டையில் குழாய் போட்டு வாழ்வதா வேண்டாமா என்பதைத் தான்தான் சொல்வேன் என்று முன்பே அவளிடம் வாக்கு வாங்கியிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கம்ப்யூட்டரில் டைப் அடித்தாள். வேண்டாம் என்றது திரை. மறுபடி கேட்டாள். மறுபடியும் வேண்டாம். தன் தம்பி துரை கொண்டுவந்த வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

குளிப்பாட்டப் போர்வையை எடுத்தபோதுதான் பார்த்தாள். பெடல் காலடியில் இல்லை, கட்டிலுக்குக் கீழே கிடந்தது. காலையில் விரிப்பு மாற்றும்போது அவள்தான் தள்ளி வைத்திருந்தாள். திரும்ப எடுத்து வைக்க மறந்துபோனாள்.

பெடல் இருந்திருந்தாலும் அவர் அழுத்தாமலே இருந்திருக்கலாம். அது இனி அவளுக்குத் தெரியப் போவதில்லை.

வேலைக்குத் திரும்பியதும், சைகை வராவிட்டால் 'வேண்டாம்' என்ற அந்த ஒரு விதியைப் புரோகிராமிலிருந்து நீக்கினாள். ஒரு தடவை அழுத்தினால் ஆமாம், இரண்டு தடவை என்றால் வேண்டாம். எதுவும் வராவிட்டால் கேள்வி அப்படியே இருக்கும். மேனேஜர் ஸ்ரீநிவாஸுக்கு அது பிடிக்கவில்லை.

"பதில் வரலைன்னா ஸ்க்ரீன் அப்படியே நிக்குதே, அமலா. பார்க்கிறவங்க ரிப்பேர்னு நினைப்பாங்க."

"நிக்கட்டும் சார்," என்றாள்.