சாமி மலையேறிய பிறகு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் பினாங்குத் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்த திருநாவுக்கரசின் மேல் முருகன் வந்தால் லேசில் போகமாட்டார். வாரக்கணக்கில் தூக்கம் கிடையாது. விடியுமுன் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடை, திரும்பி வந்ததும் வாசலில் குறி. சொன்ன குறியில் நாலு பலித்துவிட்டது. பலிக்காத நாற்பதை எவன் ஞாபகம் வைத்துக்கொள்கிறான்? அவர் குடியிருந்த டத்தோ கிராமாட் வட்டாரமே திரண்டு வந்து கும்பிட்டது.

மனைவி ஜெயலெட்சுமி மட்டும் கும்பிடவில்லை.

"முருகன் வரட்டும், வேணாங்கல. நீங்க தூங்கி எந்திரிச்சப்புறம் வரச் சொல்லுங்க. வர்றவரு ஒங்க உடம்புலதானே வர்றாரு?"

சாமியையே காத்திருக்கச் சொல்லும் பெண்டாட்டியை வைத்துக்கொண்டு அவரும்தான் என்ன செய்வார்!

பிறகு ஒருநாள் எல்லாம் வற்றிவிடும். சுவரைப் பார்த்துப் பாயில் படுத்தால் மாதக்கணக்கில் எழமாட்டார். "சாமி மலையேறிட்டாருலா" என்று தெரு கலைந்துவிடும். ஒரு பயல் எட்டிப்பார்க்க மாட்டான். அதுதான் அவரை அறுத்தது. வந்தவர் போனபின் மிச்சம் கிடக்கும் இந்த ஆள் யாருக்கு வேண்டும்?

அப்படிக் கிடந்த ஒரு மத்தியானம் அடுத்த தெரு மார்த்தா வந்தாள். மாதா கோயிலுக்குப் போகிறவள். ஒருநாளும் குறி கேட்டதில்லை.

"சாமி இல்லம்மா. நான் மட்டுந்தான் கெடக்கேன்" என்றார், திரும்பாமலே.

"சாமிகிட்ட பேசணும்னா எனக்கு எங்க கோயில் இல்லையாண்ணே? ஒங்களத்தான் பார்க்க வந்தேன். எங்க வீட்டுக்காரரு ஒன்பது நாளா இப்படித்தான் சுவத்தப் பார்த்துப் படுத்திருக்காரு. என்னான்னு எனக்குப் புரியல. ஒங்களுக்குப் புரியுமே."

திருநாவுக்கரசு மெல்லத் திரும்பினார். தான் கிடந்த கிடப்பைத் தேடி ஒருத்தி வந்திருக்கிறாள். எழுந்து சட்டையைத் தேடினார். ஜெயலெட்சுமி எடுத்து நீட்டினாள்.

மார்த்தாவின் வீட்டில், அவள் கணவன் செபாஸ்டியனுக்குப் பக்கத்தில் இன்னொரு பாயை விரிக்கச் சொல்லி அவரும் படுத்துக்கொண்டார். இரண்டு பேரும் வெகுநேரம் ஒரே சுவரைப் பார்த்தார்கள்.

"சோறு மண்ணாட்டம் இருக்கா?"

செபாஸ்டியன் தலையாட்டினான்.

"எந்திரின்னு யாராச்சும் சொன்னா எரிச்சலா வருதா?"

அதற்கும் தலையாட்டினான்.

"எனக்கு இந்தக் கெடப்பு ஏழு தடவை வந்து போயிருக்கு தம்பி."

"எனக்கு எப்பண்ணே போகும்?" ஒன்பது நாளில் செபாஸ்டியன் வாய் திறந்தது அப்போதுதான்.

வாசலில் உட்கார்ந்து குறி சொன்ன காலமென்றால் நாள் நட்சத்திரத்தோடு அடித்துச் சொல்லியிருப்பார்.

"தெரியாது" என்றார். "நாளைக்கும் வந்து பக்கத்துல படுத்துக்கிறேன்."