திருப்பிச் சொல்லுங்க

காலை ஆறரைக்கெல்லாம் காஜா பெராங் குடியிருப்பிலிருந்து ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளில் கிளம்பிவிடுவாள் கமலவேணி. சங்கிலி கவ்வாதபடி சேலையை இடுப்பில் ஏற்றிச் செருகிக்கொண்டு அவள் மிதிக்கிற மிதியில், வழியில் கடை திறப்பவர்கள் தாமாகவே ஒதுங்கி நிற்பார்கள்.

ஆஸ்பத்திரியில் அவளுடைய வேலை, கட்டுத்துணித் தட்டை ஏந்திக்கொண்டு டாக்டர் பக்கத்தில் நிற்பது. அவ்வளவுதான் என்று காகிதத்தில் எழுதியிருந்தது. ஆனால் பதினோரு வருஷமாக வெள்ளைக்கார டாக்டர்கள் பேசியதைத் ரப்பர் தோட்டத்து ஜனங்களுக்குத் தமிழில் எடுத்துச் சொன்னது அவள்தான். சொல்வதோடு விடமாட்டாள். "டாக்டர் என்ன சொன்னாரு? இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க" என்று கேட்பாள். அவர்கள் சரியாகச் சொல்லும்வரை வரிசை நகராது. டாக்டர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், அவள் பார்க்கமாட்டாள். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்தவள் அவள். விடியலில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்களத்தில் துரை எது சொன்னாலும் "சரிங்க தொரே" என்று தலையாட்டிப் பழகிய சனம், கழுத்தை அறுக்கப்போவதாகச் சொன்னாலும் அதையேதான் சொல்லும் என்பது அவளுக்குத் தெரியும்.

சுதந்திரம் வந்த மறுவருஷம், வெள்ளைக்காரருடைய நாற்காலியில் டாக்டர் கருணாகரன் வந்து உட்கார்ந்தார். பக்கத்து ஊரான செமாபோக்கில் பிறந்து, சிங்கப்பூரில் படித்துத் திரும்பிய பிள்ளை. வந்த அன்றே, "நானே தமிழில் பேசிக்கொள்வேன். நீங்கள் சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளுங்கள், அம்மா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்.

மருந்துக்குக் காத்திருந்த பெண்களுக்கு அது போதும். "என்னக்கா, தமிழ் டாக்டர் வந்ததும் ஒன்னயத் துணி மடிக்க அனுப்பிட்டாங்களாமே?" என்று கேட்டாள் சீதா.

"மடிச்ச துணியிலதான்டி நாளைக்கு ஒன் வாயக் கட்டப்போறேன்" என்றாள் கமலவேணி. சொல்லிவிட்டு உள்ளே போனாளே தவிர, அந்தப் பேச்சு நெஞ்சில் குத்திக்கொண்டேதான் இருந்தது.

மூன்றாம் வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை. சாமான் அறை ஜன்னல் வழியே பார்த்தபோது, ஒரு மனிதர் காலை இழுத்து இழுத்து வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தார். பத்து பெரெண்டாம் ஊருக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் தம்பிராஜா. பாதத்தில் பெரிய கட்டு. சட்டைப்பையில் இளஞ்சிவப்புச் சீட்டு. படுக்கை கொடுக்கப்பட்டவருக்குத்தான் அந்தச் சீட்டு தருவார்கள். படுக்கை கிடைத்தவர் ஏன் பஸ்ஸுக்குப் போகிறார்?

ஓடிப்போய் முன்னால் நின்றாள். "அண்ணே, டாக்டர் என்ன சொன்னாரு?"

"நல்லாத்தான் பேசுனாரு, தங்கச்சி. நம்ம பாஷையிலயே பேசுனாரு. ரொம்ப மரியாத."

"என்ன சொன்னாரு?"

தம்பிராஜா கட்டுப் போட்ட பாதத்தைக் குனிந்து பார்த்தார். "கால் போயிரும்னாரு."

"அப்புறம்?"

"அதுக்கப்புறம் எனக்குக் காது அடைச்சுப் போச்சும்மா. என்னமோ சொன்னாரு. சரிங்க தொரேன்னேன். வெட்டுறதுக்கு முன்னால, ரெண்டு காலோட ஒரு தடவ வீட்டு வாசல்ல போய் நின்னுட்டு வந்துர்றேனே."

கமலவேணி அதற்குமேல் கேட்கவில்லை. அவர் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு நேராக டாக்டர் அறைக்குள் நுழைந்தாள். வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "இவரிடம் எல்லாம் சொல்லிவிட்டேனே! தமிழில்தானே சொன்னேன்?"

"சொன்னீங்க, டாக்டரய்யா. அவரு காதுல விழுந்தது என்னன்னு கேளுங்க."

"புரிந்ததா உங்களுக்கு?" என்றார் டாக்டர்.

"சரிங்க தொரே" என்றார் தம்பிராஜா.

"அப்படிக் கேக்காதீங்க. புரிஞ்சுதான்னு கேட்டா விடியவிடிய சரின்னுதான் சொல்லுவாங்க. நீங்க சொன்னத அவர் வாயால சொல்லச் சொல்லுங்க."

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்து தம்பிராஜாவின் பக்கத்தில் பெஞ்சியில் உட்கார்ந்தார். "நான் என்ன சொன்னேன், பெரியவரே? நீங்களே சொல்லுங்க."

"கால வெட்டணும்னீங்க."

டாக்டர் கண்களை மூடித் திறந்தார். "இல்ல. இனிப்பு நீர் வியாதி இருக்கறதால புண்ணு ஆறல. வீட்டுக்குப் போனாத்தான் கால் போகும். இங்கயே தங்குங்க. ஊசி போட்டு, தினமும் கட்டு மாத்துனா காலக் காப்பாத்தலாம்." இப்போது அவர் வாயில் வந்தது செமாபோக் தமிழ். "எங்க, சொல்லுங்க பாப்போம்."

"போனா... போயிரும்." தம்பிராஜா நிமிர்ந்தார். "இருந்தா, இருக்கும். வெட்டமாட்டீங்களா, தொர?"

அன்று பிற்பகலே சாமான் அறைச் சாவி வேறொருத்தி கைக்குப் போனது. மறுநாள் காலை, கட்டுத்துணித் தட்டோடு கமலவேணி பழைய இடத்தில் நின்றாள். டாக்டர் கேட்கக் கற்றுக்கொண்டார். முதலில் வாத்தியார் பாடம் ஒப்பிக்கச் சொல்வதுபோல அதட்டலாகக் கேட்டார், அவள் தொண்டையைச் செருமினாள், குரல் தணிந்தது.

பதினாறாம் நாள் தம்பிராஜா ரப்பர் செருப்பு போட்ட இரண்டு காலோடு வாசலில் வந்து நின்றார்.

"டாக்டர் என்ன சொன்னாரு, அண்ணே?"

"வெறுங்காலோட ரப்பர் காட்டுக்குப் போகக்கூடாது. ராத்திரி காலக் கழுவி, விரல் இடுக்குல ஈரம் துடைக்கணும். கோப்பியில சீனி கூடாது..."

"ஒண்ண விட்டுட்டாரே!" என்று உள்ளிருந்து டாக்டரின் குரல் வந்தது.

"விடல, தொர! மூச்சு வாங்குறேன்!" என்றார் தம்பிராஜா. "மாசம் ஒருக்கா வந்து காட்டணும்!"

வரிசையே சிரித்தது. சீதாவும்தான். கமலவேணி சிரிக்கவில்லை, தலையை நிமிர்த்தி, தட்டை இடுப்பில் தாங்கிக்கொண்டு, அடுத்த பெயரை உரக்கக் கூப்பிட்டாள்.