செத்த வீட்டுக்குக் கொடுத்த கடவுச்சொல்

போன கிழமை பல் காட்டப் போன இடத்தில் பயந்துவிட்டேன். பல்லுக்காக அல்ல. மட்டக்களப்பு டவுனில் இருக்கிற அந்தச் சின்னக் கிளினிக்கின் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: ‘தயவுசெய்து வைபை கடவுச்சொல் கேட்க வேண்டாம்.’ அதற்குக் கீழே ரௌட்டர் பெட்டி, அதில் ஒரு சிவப்பு விளக்கு. சூடேறிய பிளாஸ்டிக் மணம் மூக்கில் ஏறியதும் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. பக்கத்தில் இருந்த பெண், “ஊசி நோகாது, பயப்படாதீங்க” என்று ஆறுதல் சொன்னார். நானும் பல்லுக்குப் பயந்தவள் மாதிரியே தலையாட்டி வைத்தேன்.

உங்களுக்கு உண்மையைச் சொல்லலாம். அந்த மணத்தோடு கொஞ்சம் சந்தனக்குச்சிப் புகையும் சேர்ந்தால் அது கல்லடியில் எங்கள் வீட்டு முன்னறை. எங்கள் வீட்டில் ஒழுங்காக வேலை செய்த ஒரே பிளக் சாமித்தட்டுக்குப் பக்கத்தில் இருந்ததால், ரௌட்டரும் பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில் குடியிருந்தது. அம்மா விடிய எல்லாருக்கும் பூ வைக்கும்போது அதற்கும் ஒரு செவ்வரத்தம்பூ வைப்பார். காற்றுப் போகிற ஓட்டை அடைபடுமே என்று நான் எடுத்துவிடுவேன். அடுத்த நாள் திரும்ப இருக்கும்.

அம்மா பூ வைத்ததில் பிழையும் இல்லை. எங்கள் இரண்டு பேருடைய சோறும் அந்தப் பெட்டி வழியாகத்தான் வந்தது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. மெல்பேர்ன் பிள்ளைகளுக்கு இணையத்தில் கணிதம் படிப்பித்தேன். அவர்களுக்குப் பள்ளி விட்ட பின்னேரம், எங்களுக்குக் காலை பத்தரை. வேலை நிரந்தரமாக ஆறு மாதம் ஆகும் என்றும், இணைப்பு அறுந்து வகுப்பு நின்றால் வேறு ஆளைப் பார்ப்போம் என்றும் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்கள்.

இதை வைத்து என்னை நல்ல பிள்ளை என்று நினைத்துவிடாதீர்கள். வகுப்பு முடிந்தால் அதே கணினியில் படம் இறக்குவேன். புதுப்படம் வந்த கிழமையே ஒழுங்கையில் பாதிப் பேர் வேலிக்கு மேலால் பென்டிரைவ் நீட்டுவார்கள். தியேட்டர் முதலாளி மாதிரி ஒரு மிதப்பு எனக்கு. களவு என்ற சொல் ஒருநாளும் மனதில் வந்ததில்லை.

முதலாவது கடிதம் மின்னஞ்சலில் வந்தது. உங்கள் இணைப்பிலிருந்து உரிமை பெறாமல் படம் பகிரப்படுகிறது. மூன்றாம் முறை இணைப்பு துண்டிக்கப்படும். அந்தப் பெயருக்கு மறுபடி இணைப்பு கொடுக்கப்படாது. இணைப்பு அம்மாவின் பெயரில் இருந்தது. வீட்டு வாசலில் தெரியாத வாகனம் நின்றாலே குலை நடுங்கிப் பழகிய ஊர் எங்களுடையது. பெயர் போட்டு ஒரு கடிதம் வந்தால் போதும், மிச்சத்தைப் பயமே எழுதிக்கொள்ளும். அம்மாவைப் பொலிசில் கூட்டிப்போய் இருத்தி வைப்பதுவரை நான் கற்பனை செய்துவிட்டேன். அன்றைக்கே படம் இறக்குகிற மென்பொருளின் குறியைத் திரையிலிருந்து பிடித்துக் குப்பைத்தொட்டிக்குள் போட்டேன். இறக்கி வைத்த படங்களை அழிக்க மட்டும் மனம் வரவில்லை. அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த மாதம்தான் பக்கத்து வீட்டுப் பூமணி மாமியின் புருஷன் வாவியால் வந்து தோணியைக் கரையில் இழுத்தபடியே சரிந்து செத்துப்போனார். எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் கிடுகு வேலி, அதில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு கடப்பு. அதன் வழியாக எங்கள் வீட்டுக் கதிரை, சோறாக்குகிற பெரிய கிடாரம், நிழலுக்குக் கட்டுகிற படங்கு எல்லாம் போயின. செத்த வீட்டுக்குக் கொடுத்த சாமானை முப்பத்தோராம் நாள் சடங்கு முடியும்வரை கேட்கக் கூடாது. அவர்களாகக் கழுவிக் கொண்டுவந்து தருவார்கள். யாரும் சொல்லித் தந்து நாங்கள் இதைப் படித்ததில்லை.

மாமியின் ஒரே மகன் பிரான்சில் இருந்தார். விசா இன்னும் கிடைக்கவில்லை. வெளிக்கிட்டால் திரும்பிப் போக முடியாது. அம்மா என்னிடம் வந்தார். “கதிரையும் குடுத்தாச்சு, கிடாரமும் குடுத்தாச்சு. உன்ட நெட்டையும் குடு புள்ள. பொடியன் அங்க இருந்தாவது தகப்பன்ட முகத்தப் பாக்கட்டும்.”

கொடுத்தேன். சித்தாண்டியிலிருந்து உதவிக்கு வந்திருந்த மாமிக்கு மருமகன் முறையான கோபி, நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து அதன் பின்பக்கம் கடவுச்சொல்லை எழுதிக்கொண்டார். எங்கள் ரௌட்டர் எட்டுகிற பக்கத்து விறாந்தையிலேயே செத்தவருடைய படமும் விளக்கும் வைத்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் விளக்கேற்றுகிற நேரம் மகன் கூப்பிடுவார். மாமி எங்கள் சிவப்புக் கதிரையில் இருந்து போனை விளக்குக்கு நேரே பிடிப்பார். “கொஞ்சம் கிட்டப் பிடிங்கம்மா, திரி தெரியுதில்ல” என்கிற குரல் எங்கள் குசினிவரை கேட்கும். ஒரு நாள் மாமி கடப்படியில் என் கையைப் பிடித்து, “நீ நல்லா இருக்கணும் மகள்” என்றார். அவர் எப்போதும் என்னை மகள் என்றுதான் கூப்பிடுவார்.

பதினெட்டாம் நாள் இரண்டாவது கடிதம் வந்தது.

இரண்டாவது என்ற சொல்லைக் கண்டதும் மூடிவிட்டேன். கடைசிவரை வாசிக்கத் தைரியம் வரவில்லை. நான்தான் எல்லாவற்றையும் விட்டுவிட்டேனே, அப்படியென்றால் வேறு யார்? வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். கோபி படங்குக்குக் கீழே கால்மேல் கால் போட்டு, காதில் வயரோடு போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு அது போதுமாக இருந்தது.

“அம்மா, பாஸ்வேர்ட்ட மாத்தட்டா?”

“விசரா உனக்கு? முப்பத்தொண்டு முடியமுன்ன ஆரும் குடுத்ததப் பறிப்பாங்களா? கதிரையக் கேக்கிறமா நாம?”

அதற்குப் பிறகு நான்கு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளையின் முகம் திரையில் உறைந்து நின்றால், துண்டித்துவிட்டார்கள் என்றே நினைப்பேன். வீட்டுக்கு முன்னால் ஆட்டோ நின்றால் எழும்பிப் போய் சன்னலால் பார்ப்பேன். சாமித்தட்டில் ரௌட்டரின் விளக்கு பச்சையா சிவப்பா என்று பார்த்துப் பார்த்து, கும்பிடுகிறேன் என்று அம்மா சந்தோசப்பட்டார். இருபத்திரண்டாம் நாள் பயம் வென்றது. கடவுச்சொல்லை மாற்றினேன்.

அன்று விளக்கேற்றுகிற நேரம் குசினி சன்னலால் பார்த்தேன். மாமி போனைப் பார்த்தார், உயர்த்திப் பிடித்தார், கதிரையை எங்கள் பக்கம் இன்னும் கிட்ட இழுத்துப் போட்டார். கடைசியில் போனை மடியில் வைத்துக்கொண்டு விளக்கைப் பார்த்தபடி இருந்தார். நான் சன்னலைச் சாத்தினேன்.

அடுத்த நாள் காலை, வகுப்புக்கு நடுவில், மாமி கடப்பால் வந்து வாசலில் நின்றார். கணினியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

“மகள், நெட்டுக்கு என்னவும் பழுதா? பொடியன் தேடுவான்.”

“ஓம் மாமி, லைன் பழுது. எங்களுக்கும் வேலை செய்யுதில்ல.”

சொல்லி வாய் மூடவில்லை. உள்ளேயிருந்து மெல்பேர்ன் பிள்ளைகள் இரண்டு பேர் சேர்ந்து கூப்பிட்டார்கள்: “டீச்சர்! டீச்சர்!” கணினியில் சத்தத்தை நானேதான் கூட்டி வைத்திருந்தேன்.

மாமி என் முகத்தைப் பார்த்தார். “போங்க, உள்ளுக்குக் கூப்பிடுறாங்க” என்று சொல்லிவிட்டுக் கிறுகிப் போனார். போ என்றுதான் அதுவரை சொல்லியிருக்கிறார். திரும்பக் கூப்பிட்டுப் புதுக் கடவுச்சொல்லைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மூன்றாவது கடிதம் கண்ணுக்கு முன்னால் நின்றது. நான் வகுப்புக்குப் போனேன்.

முப்பத்தொண்டு முடிந்த மறுநாள் சாமான்கள் வந்தன. கிடாரத்தைச் சாம்பல் போட்டு மினுக்கியிருந்தார்கள். கதிரைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, படங்கை நான்காய் மடித்திருந்தார்கள். மாமி கடைசியாக வந்து, இடுப்பில் செருகியிருந்த நாட்காட்டித் தாளை எடுத்து என் கையில் வைத்தார்.

“இதையும் தந்துடுறன் டீச்சர். இப்ப வேலை செய்யிதில்லதான், எண்டாலும் உங்கட சாமான்.”

அன்று பின்னேரம் அந்த இரண்டாவது கடிதத்தை அழித்துவிடத் திறந்தேன். முதல் தடவையாகக் கடைசிவரை வாசித்தேன். கீழே படத்தின் பெயர் இருந்தது. கோபி எங்கள் ஒழுங்கைக்கு வர முன்னமே நான் இறக்கிய படம். திரையின் மூலையில் கண்ணுக்குப் படாமல் ஒரு சின்னக் குறி ஓடிக்கொண்டிருந்தது. நான் குப்பையில் போட்டது குறியை மட்டும்தான். மென்பொருள் உள்ளே இருந்து, இறக்கிய படங்களை இரவு பகலாக ஊருலகத்துக்குப் பங்கு வைத்திருக்கிறது. கணிதம் படிப்பிக்கிறவளுடைய கெட்டித்தனம் இது. அழவேண்டும் போலிருந்தது. அழுதால் அம்மா ஏன் என்று கேட்பார் என்று பயந்து அதையும் செய்யவில்லை.

மென்பொருளை அன்றைக்கே அடியோடு நீக்கினேன். மூன்றாவது கடிதம் வரவேயில்லை. வேலையும் நிரந்தரமானது. அம்மா போய் மூன்று வருசம். அந்த மகனுக்கு விசா கிடைத்து, மாமிக்குச் சொந்தமாக இணைப்பு எடுத்துக் கொடுத்திருக்கிறார். கிடுகு வேலி இருந்த இடத்தில் இப்போது மதில், கடப்பு இல்லை. என் போனைத் திறந்தால் ஒழுங்கையில் இருக்கிற எல்லா வீட்டு வைபையும் வரிசையாக வருகிறது, ஒவ்வொன்றுக்குப் பக்கத்திலும் ஒரு பூட்டு. செத்த வீட்டுக்குக்கூட இப்போது யாரும் யாரிடமும் கடவுச்சொல் கேட்பதில்லை.

மாமியைக் கோயிலடியில் காணுகிறேன். “சுகமா டீச்சர்?” என்று சிரித்த முகத்தோடுதான் கேட்பார். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட நினைத்து, ஒவ்வொரு முறையும் பயந்து வந்துவிடுகிறேன். நாட்காட்டித் தாள் இன்னும் சாமித்தட்டில் இருக்கிறது. அந்த ஒன்பது நாளும் பிரான்சில் ஒருவர் தகப்பனுடைய விளக்கைப் பார்க்காமல் இருந்தார். அம்மா என்னைப் புள்ள என்பார், அவரும் இல்லை. இந்த ஒழுங்கையில் என்னை மகள் என்று கூப்பிட்டவர் மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார், இருமினால் எனக்குக் கேட்கும்.