எம் பேரு அங்க எப்படி இருக்குது?

எங்கள் ஆபீஸில் ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தோம். நாங்கள் பிறந்த வருஷங்களில் பெண் குழந்தை பெற்றவர்கள் எல்லோரும் கூடிப் பேசி வைத்த மாதிரி, தடுக்கி விழுந்தால் அந்தப் பெயர்தான். ஒருத்தி வாரங்கல்காரி, ஒருத்தி போபால்காரி, மூன்றாவது ஈரோட்டிலிருந்து போன நான். ஹைதராபாத் பேகம்பேட்டில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஒரே வரிசையில் உட்கார்ந்து, ஏதோ ஒரு அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிக்கு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தோம். மேனேஜர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் மூன்று தலைகள் நிமிரும். திட்டுகிற குரலில் கூப்பிட்டால் மூன்றும் குனியும்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த மேனேஜர், இனிமேல் உங்களைக் கடைசிப் பெயரால்தான் கூப்பிடுவேன் என்று சொல்லிவிட்டார். மற்ற இருவருக்கும் அதில் சிக்கலே இல்லை. வாரங்கல்காரிக்குப் பரம்பரையாக வந்த வீட்டுப் பெயர் இருந்தது. போபால்காரிக்குக் குடும்பப் பெயர். எனக்கு இருந்தது ஒற்றை எழுத்து இனிஷியல். வேலையில் சேர்ந்த அன்று, படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளாது என்றார்கள். சரி என்று இனிஷியலை விரித்து அப்பாவின் பெயரை எழுதிக் கொடுத்திருந்தேன். தமிழ்நாட்டிலிருந்து போன எல்லோரும் செய்த காரியம்தான். அதனால் ஒரு திங்கட்கிழமை காலையிலிருந்து நான் அப்பா ஆகிவிட்டேன்.

அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும். குலசாமியின் பெயரோடு இன்னொரு சாமியையும் சேர்த்து வைத்த நீளமான பெயர் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். ஆபீஸில் ஒரு சாமியை வெட்டிவிட்டு மற்ற சாமியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். முதல் இரண்டு நாள் யார் கூப்பிட்டும் நான் திரும்பவில்லை. காக்கிச் சட்டையும் மீசையுமாக அப்பா எங்கே நிற்கிறார் என்று என் கண் வாசலுக்குத்தான் போனது. எனக்குக் காதில் ஏதோ கோளாறு என்று போபால்காரி முடிவு கட்டியிருந்தாள்.

அப்பா டவுன் பஸ் கண்டக்டர். தெருவில் அவருக்குப் பெயரே அதுதான். நாள் முழுக்க எத்தனையோ பேர் கூப்பிடுவார்கள், எல்லோருக்கும் அவர் கண்டக்டர். எங்கள் வீடு கண்டக்டர் வீடு. நான் கண்டக்டர் பொண்ணு. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் உரிமை உள்ள பெரியவர்கள் எல்லாம் நான் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அம்மாவோ புருஷன் பெயரைச் சொல்லாத ஆள். "ஏனுங்" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு சாப்பிடக் கூப்பிடுவாள், சண்டை போடுவாள், சமாதானமும் ஆகிவிடுவாள். பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று உறுதியாக நம்பினாள்.

ஆனால் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டிய இடங்கள் ஊரில் இருந்தன. அதற்கு நான். ஐந்து வயதிலிருந்து எனக்கு அந்த வேலை. ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயர் கேட்டால் அம்மா என்னைப் பார்ப்பாள், நான் சொல்வேன். கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டிவிட்டு நட்சத்திரத்தை மட்டும் அவள் சொல்வாள். பிறகு என் முதுகில் ஒரு இடி விழும். நான் இரண்டு சாமியையும் சேர்த்து முழுப் பெயரையும் மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி கத்துவேன். அப்பா வெட்கப்பட்டுக்கொண்டு தூணைப் பார்ப்பார். ஈரோட்டில் அந்தப் பெயர் என் வாயில் மட்டும்தான் இருந்தது. அதில் எனக்குத் தலைகால் தெரியாத பெருமை.

மல்காஜ்கிரியில் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு தமிழர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் வீட்டுக்குப் பேசுவேன். ஆபீஸில் நடந்ததைச் சொன்னதும் அப்பா சிரித்த சிரிப்பில் ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"அப்ப எம் பேரச் சொல்லியா உன்னையத் திட்டறாங்க?"

"ஆமாங்ப்பா. நேத்து ரெண்டு தடவ."

"நல்லா வாங்கிக் குடு கண்ணு எனக்கு!"

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்பார். "எம் பேரு அங்க எப்படி இருக்குது?" நானும் அறிக்கை வாசிப்பேன். இந்த வாரம் உங்களுக்குப் பாராட்டு வந்தது. உங்களை அமெரிக்காக்காரன் போனில் கடித்துக் குதறி உச்சரித்தான். கேன்டீன்காரர் உங்கள் பெயருக்குப் பின்னால் 'காரு' போட்டு மரியாதையாகக் கூப்பிட்டு இட்லி கொடுத்தார். அப்பா ஒவ்வொன்றுக்கும் சிரிப்பார். பிறகு, "ஒருக்கா வந்து காதால கேக்கோணும் கண்ணு" என்பார்.

எங்கள் வீட்டில் பாசத்தை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் கிடையாது. இந்தப் பேச்சுத்தான் அதற்குப் பதில். ஒரு நாளைக்கு நாற்பது தடவை யாராவது அந்தப் பெயரைச் சொல்வார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு கணம் அப்பா பக்கத்தில் வந்து நின்றுவிட்டுப் போவார். எனக்கு அழுகை வரும் அளவுக்கு ஊர் ஞாபகம் வருவது அந்தக் கணத்தில்தான். ஊர்கூட இல்லை, அவர் ஞாபகம்.

அவர் வருகிறேன் என்று சொன்னதை நான் மூன்று தடவை தள்ளிப் போட்டேன். முதல் தடவை ரிலீஸ், எழுதிய புரோகிராமை அமெரிக்காவுக்கு அனுப்புகிற நாள் நெருங்கிவிட்டது. இரண்டாவது தடவை என்னை வெளிநாடு அனுப்பப் போகிறார்கள் என்ற பேச்சு, கடைசியில் அனுப்பவும் இல்லை. மூன்றாவது தடவை எனக்கே காரணம் ஞாபகம் இல்லை. பொங்கல் முடியட்டும் என்று சொன்னேன் போலிருக்கிறது. அவரும் சரி கண்ணு, உனக்கு எப்ப தோதுப்படுதோ அப்ப என்று விட்டுவிட்டார். தோது என்ன தோது. ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டுபோய்க் கேன்டீனில் உட்கார வைத்திருந்தால் போதும்.

பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும். காலை பத்து மணிக்கு ரிசப்ஷனில் இருக்கும் பெண் மாடிக்கே ஓடி வந்து, வெட்டப்படாத முழு நீளத்தில் அப்பாவின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள். அந்தக் கட்டடத்தில் அதை முழுசாக நான் கேட்டது அன்றுதான். போன், உன் அம்மா போல இருக்கிறது, லைனில் இருக்கிறார்கள் என்றாள்.

அம்மா அதற்கு முன் ஆபீஸுக்குப் பேசியதே இல்லை. அவளிடம் இருந்தது பொது நம்பர் மட்டும். முதலில் என் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். ரிசப்ஷன் பெண் இணைப்பைக் கொடுத்தது, அதற்குள் வேறு மாடிக்கு மாறிப்போயிருந்த போபால்காரிக்கு. அவள் இந்தியில் கேட்க, அம்மா தமிழில் அழ, ராங் நம்பர் என்று வைத்துவிட்டாள். அம்மா மறுபடி கூப்பிட்டிருக்கிறாள். அந்தப் பெயரில் மூன்று பேர் இருக்கிறார்கள், முழுப் பெயர் சொல்லுங்கள் என்று ரிசப்ஷன் பெண் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறாள். எந்தப் பெயரைக் கேட்கிறாள் என்று அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. ஞாயிறுதோறும் நாங்கள் அடித்த கூத்தைப் பக்கத்தில் நின்று கேட்டவள்தானே. கொஞ்ச நேரம் பேச்சே இல்லையாம். லைன் போய்விட்டது என்று வைக்கப் போனபோது அந்தப் பெயர் வந்ததாம்.

நான் போனை எடுத்து "அம்மா" என்றேன். அந்தப் பக்கம் அழுகை. பிறகு அவள் சொன்ன முதல் வாக்கியம் இது.

"உங்கப்பா பேரச் சொல்லிப்போட்டேன் கண்ணு."

அப்பாவுக்கு நெஞ்சுவலி என்பதும், ஆஸ்பத்திரி வராந்தா பூத்திலிருந்து பேசுகிறாள் என்பதும் அதற்குப் பிறகுதான் வந்தது. அப்பா பெயர் எழுதியிருந்த ஆஸ்பத்திரிச் சீட்டைப் பூத்காரரிடம் நீட்டி, அவரைப் படிக்கச் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் அது தோன்றவில்லை என்று பல வருஷம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

செகந்திராபாத்தில் மதியம் கிளம்பும் கேரள ரயிலில், ரிசர்வேஷன் இல்லாமல், கதவோரம் உட்கார்ந்து போனேன். மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் அப்பா கண் விழித்துத்தான் இருந்தார். இளைத்துப்போய், சவரம் இல்லாமல், ஆனால் முகத்தில் ஒரு விஷமம். அம்மா மருந்து வாங்கப் போகும்வரை காத்திருந்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

"உங்கம்மா எம் பேரச் சொன்னா, தெரியுமா? பூத்துக்கு எதுத்தாப்புலதான் என்னையப் படுக்க வெச்சிருந்தாங்க. எங் காதால கேட்டனே."

அவருடைய கேள்வியையே திருப்பிக் கேட்டேன். "எப்படிங்ப்பா இருந்துச்சு உங்க பேரு?"

"நல்லா இருந்துச்சு கண்ணு" என்றார். "ரெண்டு சாமியவும் சேத்துச் சொன்னா."

ஒன்பதாம் நாள் அப்பா போய்விட்டார்.

அம்மா மனதில் அது முள்ளாக நின்றுவிட்டது. சொன்னதால்தான் போனார் என்று அவள் வாய்விட்டு ஒரு தடவைதான் சொன்னாள். அப்பா கேட்டதையும், நல்லா இருந்தது என்று சொன்னதையும் நான் சொன்னேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பெயரை அவள் சொல்லவில்லை. நானும் சொல்லச் சொல்லவில்லை.

ஹைதராபாத் திரும்பி ஆபீஸுக்குப் போன முதல் நாள், மேனேஜர் வழக்கம் போலக் கூப்பிட்டார். பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பாவம், என் முதல் பெயராலேயே கூப்பிடட்டுமா என்று அவர் பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். வேண்டாம், அப்படியே கூப்பிடுங்கள் என்றேன். இந்த உலகத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட மிச்சம் இருந்தது அந்த மூன்றாவது மாடி மட்டும்தான். அதையும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு கடைசிப் பெயரை மாற்ற வேண்டுமா என்று படிவம் அனுப்பினார்கள். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல நான் வாய் தொறக்க மாட்டேன்" என்று நகர்ந்தார். நல்ல மனிதர். படிவத்தைக் கிழித்துப் போட்டேன்.

ஈரோட்டு வீட்டில் தனியாக இருந்த அம்மாவைச் சில வருஷங்கள் கழித்துத்தான் அழைத்து வர முடிந்தது. அதே மல்காஜ்கிரி, அதே வீடு, இப்போது கீழ்ப் போர்ஷன். மாடிக்கு மாறிவிட்ட வீட்டுக்கார அம்மா மாலையில் இறங்கி வந்து அம்மாவோடு உட்காருவார். அவர், தன் புருஷனை மாடிப்படியில் நின்று பெயர் சொல்லி ஏலம் போடுகிற ரகம். அம்மாவுக்கு அதைக் கேட்டாலே உடம்பு பதறும்.

"கைக்கும்மா பயப்படறீங்கோ? நாப்பது வருஷமா அந்த மனுஷன் பேரு சொல்லிக் கத்தறேன். போயிட்டாரா? கல்லு மாதிரி இருக்கார். நக்கோ இந்த பயமெல்லாம்" என்பார், ஊர் இந்தியைத் தமிழில் கலந்து. கைக்கு என்றால் எதற்கு, நக்கோ என்றால் வேண்டாம்.

அம்மா சிரித்துக்கொள்வாள்.

எல்லோரும் கம்ப்யூட்டரைத் தட்டி வீட்டுக்குச் சாமான் வரவழைக்க ஆரம்பித்த காலம் அது. நான் ஒரு மிக்ஸி ஜார் வாங்கினேன். அன்று வீட்டிலிருந்து வேலை, உள் அறையில் இருந்தேன். கேட்டுக்கு வெளியே பைக் வந்து நின்றது. கூரியர்காரர் நரைத்த தாடிக்காரர், நல்ல கட்டைக் குரல். பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டிலிருந்து என் கடைசிப் பெயரைப் படித்துத் தெருவுக்கே கேட்கக் கூப்பிட்டார்.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. கொஞ்சம் பொறுத்து அம்மா மெதுவாகப் போய் வாங்கிக்கொண்டு வந்தாள். பெட்டியைப் பிரிக்காமல், மேலே ஒட்டியிருந்த சீட்டை மட்டும் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் கழித்து, தோசை வார்த்துக்கொண்டே, சும்மா கேட்பது போல, "வேற ஏதாச்சும் வருதா கண்ணு அந்தக் கூரியர்ல?" என்றாள்.

எனக்குப் புரிந்தது. அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த குப்பைக்கு அளவே இல்லை. சோப்பு டப்பா, குடை, ஜன்னல் துடைக்கும் குச்சி, இன்னொரு குடை. என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். ஒவ்வொன்றாகத்தான் ஆர்டர் செய்வேன், சேர்த்து வாங்கினால் ஒரே தடவைதான் வருவார்கள்.

ஒரு நாள் கவனித்தேன். கூரியர்காரர் கூப்பிட்டார். அம்மா வாசல் கதவுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள், கை தாழ்ப்பாளில். திறக்கவில்லை. அவர் மறுபடி கூப்பிட்டார். அப்போதும் திறக்கவில்லை. வெயிலில் நிற்கிற மனிதர் பொறுமை இழந்து மூன்றாம் தடவை அடித்தொண்டையில் கத்தினார்.

"ஏம்மா, அங்கதான நிக்கற, தொறந்து விட்டா என்ன?" என்று சள்ளென்று விழுந்தேன்.

அம்மா தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"தொறந்தா கூப்படறத நிறுத்திப்போடுவாருல்ல கண்ணு."