கோப்பையைக் கோட்டைவிட்ட என் மகள்

இன்று இங்கே வளைகுடாவில், ஈசா டவுனில் மகளின் பள்ளியில் விவாதப் போட்டி. அமெரிக்காவில் துப்பாக்கி உரிமை வேண்டுமா? இவள் அணி 'வேண்டாம்' பக்கம்.

இருநூறு வருடத்துக்கு முன் அந்த உரிமையைத் தரும் சட்டம் எழுதிய காலத்தில் தொடர்ந்து சுடும் துப்பாக்கியே கிடையாது என்றாள் இவளுடைய அணித்தோழி. ஒரே கைதட்டல்.

அடுத்து எழுந்த என் மகள், "அது தவறு. அபூர்வமாக, அதிக விலையில் அப்போதே இருந்தது. ஆனாலும் இன்று எல்லோர் கையிலும் வேண்டாம்" என்றாள்.

தோற்றார்கள்.

காரில் கேட்டேன். "எதிரணிக்கே தெரியாததை நீ ஏன்டி சொன்ன?"

"உண்மைதானேப்பா?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போது என் சூப்பர்வைசர் போன். நாளை வெள்ளிக்கிழமை, இங்கே வார விடுமுறை; டூட்டிக்குத்தான் கூப்பிடுவார். "அப்பாவுக்குக் காய்ச்சல்னு சொல்லும்மா" என்று போனை அவளிடம் நீட்டினேன்.

"அப்பா நல்லாத்தான் இருக்காங்க அங்கிள். வண்டி ஓட்டுறாங்க."

நாளை பெருமையோடு டூட்டிக்குப் போகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருத்தி உண்டா? இருந்தால் போனை நீங்களே எடுங்கள்.